மச்சான் மூக்கு

மரக்காணத்தில் வந்து தனகோடி வீடு எது என்று கேட்டால், "எந்தத் தனகோடி?" என்று திருப்பிக் கேட்பார்கள். மச்சான் மூக்கில் குத்தினவன் என்று சொல்லிப் பாருங்கள், கூடவே நடந்து வந்து வீட்டைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். குத்தினது என்னவோ ஒரே ஒரு குத்துதான். அதுவும் அவன் குறி வைத்தது மூக்குக்கு இல்லை. ஆனாலும் பேர் நின்றுவிட்டது.

ஆள் குள்ளம், அகலம். கழுத்து என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். உப்பளத்து வேலை. முப்பது தாண்டி, இனிமேல் எங்கே என்று ஊர் கைவிட்ட நேரத்தில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்டாட்டி திரௌபதி, பெரிய முதலியார்சாவடிக்காரி. அவள் வாய் திறந்தால் அளத்து மோட்டார் சத்தம் கேட்காது என்பார்கள். தனகோடிக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். அவள் இல்லாத வீட்டில் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்பான்.

அவனுடைய தனித் திறமை பாத்தி மிதிப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் பூராவும் குளமாகிவிடும். மழை விட்டதும் தண்ணீரை வடித்துவிட்டு, சேறாகிக் கிடக்கிற பாத்தியை வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பாய்ச்சுகிற உப்புத்தண்ணீரை மண் குடித்துவிடும், உப்பு விளையாது. காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் சேறு உள்ளே இழுக்கும். அதனால் தேய்த்து நகர்கிற மாதிரி, ஒரு காலடியை ஒட்டி அடுத்த காலடி என்று போக வேண்டும். தேங்கி நிற்கிற மிச்சத் தண்ணீரையும் காலாலேயே ஒதுக்கி மூலையில் இருக்கிற மடைக்குக் கொண்டுபோக வேண்டும். புது ஆட்கள் தண்ணீர் பின்னால் ஓடுவார்கள். அது அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய் நிற்கும். தனகோடி ஓட மாட்டான். ஒரு பக்கத்து வரப்பை அடைத்துக்கொண்டு, பிறகு மறுபக்கத்து வரப்பை அடைத்துக்கொண்டு, அவன் பாட்டுக்கு நகர்வான். கடைசியில் தண்ணீர் மடை மூலையில் நின்றுகொண்டு, இனி எங்கே போவது என்று முழிக்கும்.

இது இப்படி இருக்க, இரண்டாயிரத்தைந்தாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் இரும்பை ஊர்க் கோயிலில் ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் முதலியார்சாவடியில் இருக்கிற மாமியார் பொன்னம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீட்டில் வினை டிவி பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

திரௌபதியின் தம்பி அரவிந்தன் பாண்டிச்சேரியில் ஒரு கிளப்பில் குத்துச்சண்டை பழகுகிறவன். இருபத்து மூன்று வயது, நெடுநெடுவென்று உயரம், நிமிர்ந்து நின்றாலே கை முழங்காலைத் தொடும். மூக்கு மட்டும் சாமி சிலைக்குச் செதுக்கின மாதிரி நேராக இருக்கும். "இத்தினி வருஷமா பாக்ஸிங் ஆடறான், அவன் மூக்கு மேல ஒரு கொசு ஒக்காந்ததில்ல" என்று பொன்னம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அது பொய்யில்லை. எதிராளியின் குத்து வந்து சேரும்போது அவன் தலை அந்த இடத்தில் இருக்காது. ஒரு விரற்கடை பின்னால் சாய்வான், குத்து காற்றில் போகும். அந்தக் கை வீடு திரும்புவதற்குள் இவன் இடது கை போய் டொக்கென்று தொட்டுவிட்டு வந்துவிடும். புள்ளி ஏறும். முடி கலையாது.

அவன் ஜெயித்த ஒரு போட்டியை யாரோ சிடியில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டார்கள். எதிராளி அடிக்க வருகிறான், அரவிந்தன் விலகுகிறான், வருகிறான், சாய்கிறான், வருகிறான், சுற்றிக்கொண்டு போய்விடுகிறான். நடு நடுவே டொக், டொக். மூன்று ரவுண்டும் முடிந்து நடுவர் அரவிந்தன் கையைத் தூக்க, வீடே கைதட்டியது. தனகோடி பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேலியாக இல்லை, சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டான்.

"சரி மச்சான், சண்ட எப்ப ஆரம்பிக்கும்?"

அரவிந்தன் டிவியை நிறுத்தினான்.

"அது முடிஞ்சிடுச்சி மாமா. ஜெயிச்சிட்டேன்."

"ஓடினு இருந்தியே?"

அதற்கப்புறம் அவனைப் பேச விடவில்லை. திரௌபதி எழுந்து, புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"ஓடறானா? என் தம்பியா ஓடறான்? யோவ், நீ ஒரே ஒரு குத்து, ஒண்ணே ஒண்ணு, அவன் மூக்கு மேல வெச்சிக் காட்டு. அன்னிக்கி நானே பொட்டியத் தூக்கிக்கினு வர்றேன். அதுவரிக்கும் நீ உப்போட குடும்பம் நடத்து, போ!"

"பேருக்கேத்த சபதம்தான் போட்டுது பொண்ணு" என்று மூலையிலிருந்து ஒரு பெரியவர் வெற்றிலையோடு சொன்னார். தனகோடி தனியாகப் பஸ் ஏறினான்.

ஒரு வாரம் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தான். குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. என்ன குறை என்று பக்கத்து வீட்டு அஞ்சம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொழுது பூரா உப்புலயே நிக்கற, கொழம்புல உப்புப் போட மறந்துட்டியேடா!"

அன்றைக்கே ஒரு கிலோ மிக்சரும் பூவும் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினான். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனான். மாமியார் வீட்டு வாசலில் அரவிந்தன் கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் மனப்பாடம் எல்லாம் பறந்துவிட்டது.

"இன்னா மச்சான், ஓடறதுக்குத்தான் பழகறியா?"

மிக்சரை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரி, குத்தித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கே, எப்படி? காணும் பொங்கலுக்கு ஊர் இளைஞர் மன்றத்தில் வருஷா வருஷம் உறியடி, சாக்கு ஓட்டம், மெதுவாக சைக்கிள் ஓட்டுகிற போட்டி எல்லாம் நடக்கும். இந்த முறை குத்துச்சண்டை வைக்கலாம் என்று தனகோடியே போய்ச் சொன்னான். மச்சானையும் அவனே போய்க் கூப்பிட்டான்.

அரவிந்தன் நல்ல பையன். முகத்தைச் சுளித்தான். "வாணாம் மாமா. நீங்க கைய வீசி வீசி வுழுந்துடுவீங்க. ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது. ஒங்கக்கா ஊட்டுக்கு வரணும்டா. நான் வெச்ச கொழம்ப நானே துன்ன முடியல."

"சரி. வலிக்காம தொட்டு வுட்டுட்டுப் போயிடறேன்."

தனகோடிக்குப் பழக்கிவிட ஓர் ஆள் கிடைத்தான். அந்தோணிசாமி. மெட்ராசிலிருந்து உப்பு ஏற்றிப்போக வருகிற லாரி டிரைவர், தனகோடி வயசுதான். ராயபுரத்துப் பையனாக இருந்தபோது நாலு சண்டை போட்டவன். நாலிலும் தோற்றான் என்பதை மட்டும் அவன் யாருக்கும் சொன்னதில்லை.

"இதோ பார்பா, பாக்ஸிங்னா காலு. குதி. குதிச்சிக்கினே இரு. லெப்ட்டுக்கு, ரைட்டுக்கு. அவன் ஆடற ஆட்டத்த அவனுக்கே காட்டு."

உப்பள வரப்பு ஒரு முழ அகலம். தனகோடி லெப்ட்டுக்குக் குதித்தான், நின்றான். ரைட்டுக்குக் குதித்தான், பாத்தியில் குப்புற விழுந்தான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குதித்தான், அந்தப் பக்கத்துப் பாத்தியில் விழுந்தான். மிதித்துக் கெட்டிப்படுத்தின தரையெல்லாம் பள்ளம் விழுவதைப் பார்த்து மேஸ்திரி கத்தினார். மார்கழி பூராவும் இந்தப் பயிற்சிதான். வேலை நேரத்தில் மிதிப்பது, சாயங்காலம் குதிப்பது.

காணும் பொங்கல் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் நாலு சவுக்குக் கழி நட்டு, மீன்வலைக் கயிறு கட்டி, கீழே சுனாமிக்கு வந்த நீலத் தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்திருந்தார்கள். மணிக்குப் பதில் தாம்பாளம். எடை பார்க்க உப்பு மூட்டைத் தராசு. மூட்டையை ஒரு பக்கமும் ஆளை ஒரு பக்கமும் ஏற்றினார்கள். குள்ளமும் உயரமும் ஆளுக்கு ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைச்சலாக நின்றது. சரியான ஜோடி என்றார்கள். நடுவர் தட்சணாமூர்த்தி. பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். சாப்பாடு வண்டியோடு போய் நிறையச் சண்டை பார்த்திருக்கிறாராம்.

அரவிந்தன் பளபளவென்று சிவப்பு நிஜாரில், கிளப்பிலிருந்து இரண்டு ஜோடி கிளவுஸோடு வந்தான். தனகோடி கட்டம் போட்ட கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். கைலி ஆகாது என்று தட்சணாமூர்த்தி சொல்லிவிட்டதால் உள்ளே போட்டிருந்த பட்டாப்பட்டி டிராயரோடு நிற்க வேண்டியதாயிற்று. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அங்கே மாமியாருக்குப் பக்கத்தில் திரௌபதி உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. டிராயர் கிழிந்திருக்கிறதே, ஒரு தையல் போட்டுக்கொடுக்க நாதி இல்லையே என்கிற மாதிரிப் பார்த்தாள். தனகோடிக்கு அந்தப் பார்வையே தெம்பு கொடுத்தது.

தாம்பாளம் அடித்தது. தனகோடி குதித்தான்.

அந்த முதல் ரவுண்டைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். வரப்பில் விழுந்தவன் தார்ப்பாயிலும் விழுந்தான். குதித்துப் போய் ஒரு வீச்சு வீசுவான்; அரவிந்தன் தலையை இப்படிச் சாய்ப்பான்; தனகோடி வீசின வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஜனங்களைப் பார்த்து நிற்பான். ஒரு தடவை சவுக்குக் கழியிலேயே குத்தினான். "கழி கீழ வுழுந்துடுச்சின்னா பாயிண்ட்டா?" என்று ஒருத்தன் கேட்டான். டொக், டொக் என்று அரவிந்தனின் இடது கை நெற்றியிலும் கன்னத்திலும் வந்து தொட்டுவிட்டுப் போனது.

ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்த தனகோடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சொன்னான்: "அவன் மூக்கு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுபா."

அந்தோணிசாமி பார்த்துக்கொண்டே இருந்தவன், தான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் தப்பு என்று அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தான். ஆனால் அதை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"உன்ன யாருபா குதிக்கச் சொன்னது?"

"நீதாண்டா!"

"அது போவட்டும். மூக்க வுடு. மூக்கு ஆடும், விலா ஆடாது. அது ஒடம்போடதான இருக்கும்? அத்த அடி. தோள அடி, கைய அடி, இன்னா கெடைக்குதோ அத்த அடி. ஓடிப் புடிக்காத. நடந்து போ."

நடந்து போ என்றதும் தனகோடிக்குள் என்னவோ சொடக்கென்று பொருந்தியது. கீழே பார்த்தான். நீலத் தார்ப்பாய், சதுரம், நாலு மூலை. அட, இது ஒரு பாத்திதானே!

இரண்டாவது ரவுண்டில் அவன் குதிக்கவில்லை. முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, காலைத் தேய்த்து நகர்ந்தான். அரவிந்தன் இடது பக்கம் போனான். தனகோடி அவன் பின்னால் போகாமல் இடது பக்கத்துக் கயிற்றை அடைத்துக்கொண்டு நின்றான். வலது பக்கம் போனான். அங்கேயும் ஒரு காலடி முன்னாலேயே போய் நின்றான். ஒவ்வொரு தடவையும் அரவிந்தனுக்குத் தார்ப்பாயில் ஒரு சாண் குறைந்துகொண்டே வந்தது. சிங்காரமாக விலகி விளையாடுகிறவனுக்கு இடம் வேண்டும். பின்னால் சாய்வதற்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டுமே! அங்கே மீன்வலைக் கயிறுதான் முதுகில் உறுத்தியது.

அரவிந்தன் தோளை அசைத்து, குத்தப்போகிற மாதிரி பாவலாக் காட்டினான். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதற்கு மிரண்டு கையைத் தூக்கி ஏமாந்திருக்கிறார்கள். தனகோடி ஏமாறவில்லை. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நம்புகிறவனிடம்தானே பொய் செல்லும்? டொக்கென்று நிஜமாகவே ஒன்று விட்டான். தனகோடி அதையும் வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் நகர்ந்து வந்தான். சித்திரை வெயிலில் உப்பின் மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் நின்ற மூஞ்சி அது. டொக்குக்கெல்லாம் கண்ணை மூடுமா?

பக்கத்தில் போனதும் அடிக்க ஆரம்பித்தான். அதை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று, விலாவில் இரண்டு, கிளவுஸ் மேலேயே ஒன்று. உப்பு வாருகிற பலகையை இழுக்கிற மாதிரி குட்டை குட்டையாக, நிறுத்தாமல். அடிக்கிற நேரம் போக மிச்ச நேரம் நெற்றியை அரவிந்தன் மார்பில் வைத்துச் சாய்ந்துகொண்டான். ஒரு உப்பு மூட்டைக்குக் கொஞ்சம் குறைச்சலான பாரம்.

"சார், மாமா மேல வந்து படுத்துக்கறாரு சார்!" என்று அரவிந்தன் கத்தினான்.

தட்சணாமூர்த்தி விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "சொந்தக்காரங்க. நான் இன்னா பண்றது?"

"டேய் தம்பி, நவுந்து போடா!" என்று திரௌபதி எழுந்து நின்று கூவினாள். பிறகு அதே மூச்சில், "யோவ், பாத்துய்யா, காலு தடுக்குது!" என்றாள். யாருக்காகக் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது ரவுண்டுக்கு எழுந்தபோது அரவிந்தன் முடி கலைந்திருந்தது. கால் கனத்துவிட்டது. நிற்காமல் விலகிக்கொண்டே இருப்பது, நிற்காமல் அடிப்பதைவிடப் பெரிய வேலை. எதிராளி கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த நேரத்தில் இவன் மூச்சு வாங்கிக்கொள்வான். இத்தனை நாளும் எல்லாரும் நின்று யோசித்தார்கள். தனகோடிக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. வரப்பை அடைத்தான், மறு வரப்பை அடைத்தான், காலால் ஒதுக்கி ஒதுக்கி, பள்ளிக்கூடத்துக் குழாய்ப் பக்கம் இருந்த மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அரவிந்தன் அங்கே நின்றுகொண்டு, இனி எங்கே போவது என்று முழித்தான்.

தனகோடி விலாவில் ஒன்று வைத்தான். வலி தாங்காமல் அரவிந்தனின் கை கொஞ்சம் இறங்கியது. அடுத்ததை அவன் வலது தோளுக்குக் குறி வைத்து விட்டான். தோளுக்குத்தான், தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவான். ஆனால் குத்து கிளம்பினதைப் பார்த்ததும் அரவிந்தன் பழக்க தோஷத்தில் அழகாகத் தலையைச் சாய்த்தான். மூக்குக்கு வருகிற குத்தாக இருந்திருந்தால் அது காற்றில் போயிருக்கும். தோளுக்கு வந்த குத்து. சாய்ந்த தலையோடு மூக்கு தானாக அந்த இடத்துக்குப் போய்க் காத்துக்கொண்டு நின்றது.

டொக் இல்லை. பொத்.

மைதானமே எழுந்து நின்றது. அந்தோணிசாமி துண்டை ஆகாயத்தில் வீசினான். அரவிந்தன் மூக்கைத் தொட்டுப் பார்த்து, கையில் ரத்தத்தைப் பார்த்து, ரத்தத்தைவிட ஆச்சரியத்தில்தான் கீழே உட்கார்ந்தான். தட்சணாமூர்த்தி பத்து எண்ணுவதற்கு வாயைத் திறந்தார். எண்ண முடியவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு திரௌபதி ரிங்குக்குள் வந்துவிட்டாள்.

"படுபாவி! என் தம்பி மூக்க ஒடச்சிட்டியே!"

தனகோடி நெஞ்சில் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அடித்தாள். அன்றைக்கு அவன் மேல் சுத்தமாக விழுந்த குத்துகளில் அவைதான் பலமானவை.

"நீதானடி மூக்குல குத்தச் சொன்ன?"

"சொன்னா? சொன்னா குத்திடுவியா? அவன் எம்மாம் அழகா ஆடினு இருந்தான்! உன்னோட நான் வரவே மாட்டேன், போ!"

தனகோடியின் முகம் அப்போதுதான் விழுந்தது. இத்தனை டொக் வாங்கியும் அசையாத முகம். கையில் கிளவுஸ் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. புள்ளிக் கணக்கில் அரவிந்தன்தான் ஜெயித்தான் என்று தட்சணாமூர்த்தி அறிவித்தார். அதையும் அவன் கேட்கவில்லை. பட்டாப்பட்டி டிராயரோடு மடை திறந்த பாத்தி மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு மூக்கிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு அரவிந்தன்தான் வாயைத் திறந்தான். ஜெயித்தவன் குரல் மாதிரியே இல்லை.

"அக்கா, ஒன் காலுல வேணா வுழறேன், போயிடுக்கா. சொன்ன சொல்லு சொன்னதுதான். நீ போவலன்னா இந்தாளு மறுபடியும் என்ன வந்து கூப்டுவாரு. கிளப்புல எத்தினியோ பேர பாத்துட்டேன். அடிச்சா நிப்பாங்க, ஏமாத்துனா ஏமாறுவாங்க. இந்தாளு வந்துகினே இருக்காருக்கா!"

பொன்னம்மாள் மகன் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னாள்: "அடுத்த வருஷமும் பொங்கல் வரும்டி. பொட்டிய எடு."

திரௌபதி கொஞ்ச நேரம் தம்பியையும் புருஷனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த கைலியை எடுத்து உதறி, தனகோடி முகத்தில் எறிந்தாள். "மொதல்ல இத்தக் கட்டு. ஊரே பாக்குது."

முதலியார்சாவடி போய்ப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, அந்தோணிசாமியின் லாரியில்தான் வீட்டுக்குப் போனார்கள். கிழிந்த டிராயரில் ஆரம்பித்து, மிக்சர் காரல் வாடை அடித்ததிலிருந்து, உப்பில்லாத குழம்பு வரைக்கும் திரௌபதி வசவாக விட்டுக்கொண்டே வந்தாள். அஞ்சம்மாள் மூலமாக எல்லாச் சேதியும் அவளுக்கு அப்போதைக்கப்போது போயிருந்தது. சாய்ந்து விலக லாரி முன் சீட்டில் இடம் ஏது? ஒரு பக்கம் அந்தோணிசாமியின் கியர், மறுபக்கம் திரௌபதி. தனகோடி முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

"இன்னாய்யா சிரிப்பு?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. காது இப்பத்தான் நல்லா கேக்குது" என்றான்.